பெஞ்சுக்கு நாலு பேர்: ஊரடங்குக்கு முந்தைய நாட்களை வரைதல் – வாசகர் கேள்வி பதில்

2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிக்கூடம், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை படித்த பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. நடுவில் கழிந்த பத்தொன்பது மாதங்களில் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அவர்கள் வரைந்ததில் பள்ளி வாசலும் பஸ்ஸும் திருவிழாவும் நிறைய. அந்தப் படங்களைக் காப்பது, அந்த நாட்களை இப்போது நினைவிலிருந்து வரைவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு எங்கள் ஓவிய ஆசிரியர் குழு பதில் சொல்கிறது.

“கொரோனாவுக்கு முன் நம் வாழ்க்கை” என்று தலைப்புக் கொடுத்தேன். வகுப்பில் பாதிப் பேர் முகக்கவசம் போட்ட பூமி உருண்டையை வரைந்து கொடுத்துவிட்டார்கள். மீதிப் பேர் முள் வைத்த வைரஸ் பந்து. இதிலிருந்து எப்படி மீட்பது?
– ஓவிய ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி, தேனி மாவட்டம்

பிள்ளைகள் மேல் தப்பில்லை, தலைப்பு மேல்தான். அது கட்டுரைத் தலைப்பு. கட்டுரைத் தலைப்புக்குச் சுவரொட்டிதான் பதிலாக வரும். நேரமும் இடமும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்: ‘மாலை 4.10, பள்ளி வாசல்’, ‘வழிபாட்டு வரிசையில் மூன்றாவது ஆள்’, ‘சத்துணவுத் தட்டோடு நிற்கும்போது’, ‘மழை நாள், சைக்கிள் ஸ்டாண்ட்’.

இதற்கு 45 நிமிடப் பீரியட் இரண்டு வேண்டும். முதல் பீரியடில் வண்ணமே கிடையாது. முதல் 10 நிமிடம், அந்த இடத்தில் இருந்த 12 பொருட்களை எழுதச் சொல்லுங்கள். ‘மகிழ்ச்சி’, ‘நட்பு’ என்று யாராவது எழுதினால் அடித்துவிடுங்கள். அவை பொருட்கள் அல்ல. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது கையில் பட்டதா, காதில் விழுந்ததா, மூக்கில் ஏறியதா என்று குறிக்க வேண்டும். ‘தண்ணீர் பாட்டில்’ என்று மட்டும் இருந்தால் போதாது. ‘பக்கத்து ஆள் பாட்டிலை வாங்கி அண்ணாந்து குடித்தேன், காலர் நனைந்தது’ என்று வந்தால் படம் பாதி முடிந்த மாதிரி.

அடுத்த 10 நிமிடம் தரைப்படம். வீட்டுக்கு பிளான் போடுவது போல, மேலிருந்து பார்த்தபடி: கேட் எங்கே, வேப்பமரம் எங்கே, மாங்காய்க் கீற்று விற்கிற வண்டி எந்தப் பக்கம். இதைத் தாண்டிக் குதித்து நேரே காட்சிக்குப் போனால் ஆட்கள் எல்லாரும் தாளின் அடிக்கோட்டில் ஒரே வரிசையாக நின்றுவிடுவார்கள். இடம் மனசில் நிலைக்காததுதான் காரணம். மிச்சமிருக்கிற நேரத்தில் 6×8 செ.மீ. கட்டங்களில் நாலு சின்ன மாதிரிப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம். முதல் கட்டத்தில் வருவது ஊரில் எல்லாரும் வரைகிற படம். மூன்றாவது, நாலாவதில்தான் அந்தப் பிள்ளை சொந்தமாகப் பார்த்தது எட்டிப் பார்க்கும். அதைத்தான் இரண்டாவது பீரியடில் பெரிய தாளுக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஸ்கெட்ச் பேனாக்களை அதுவரை உங்கள் மேசை டிராயரில் பூட்டி வையுங்கள். கையில் இருந்தால் தலைப்பை நிழல் எழுத்தில் எழுதி, பார்டர் போட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஸ்கேலையும் வாங்கி வைத்துவிடலாம். ஸ்கேல் வைத்துப் போட்ட பெஞ்ச், கடையிலிருந்து இப்போதுதான் வந்து இறங்கியது போல இருக்கும். பிள்ளைகள் ஏங்கியது காம்பஸ் முனையால் பெயர் கீறின பெஞ்சுக்கு. மூன்று பேர் இடத்தில் நாலு பேர் நெருக்கி, கடைசி ஆளுக்குப் பாதி உடம்பு வெளியே தொங்குமே, அந்தப் பெஞ்சுக்கு.

தாளை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் ‘அன்று’, மறுபக்கம் ‘இன்று’ என்று வரையலாமா? போட்டிக்கு அனுப்ப வேண்டும்.
– பதினொன்றாம் வகுப்பு மாணவர், கும்பகோணம்

வேண்டாம், தம்பி. போட்டிகளில் மலிந்துபோன அமைப்பு இது. இடது பக்கம் வானவில், வலது பக்கம் கறுப்பு; நடுவருக்கு அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இருக்காது. இரண்டையும் சொல்லியே ஆக வேண்டும் என்றால் கோடு கிழிக்காமல் ஒரே இடத்துக்குள் வையுங்கள். காலி வகுப்பறை: கரும்பலகையில் மார்ச் மாதத் தேதி அழியாமல் நிற்கிறது, பெஞ்சில் தூசி, தூசிக்கு அடியில் ஒரு டிபன் பாக்ஸ் வைத்த வட்டத் தடம். ஆளே இல்லாமல் ஆள் தெரிவார். இல்லையென்றால் வீட்டு ஜன்னல் வழியாகத் தெரு. ஜன்னலும் சுவரும் தாளில் முக்கால் பங்கு, தெரு கால் பங்கு. சரிபாதியாகப் பிரித்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும்.

அழகர் ஆற்றில் இறங்குவதை வரைய ஆசை. 2020, 2021 இரண்டு வருடமும் இறங்கவில்லை. அந்த ஏக்கம்தான் கரு. ஆனால் கூட்டம் வரையும்போது படிக்கட்டில் அடுக்கிய பொம்மை மாதிரி வருகிறது. ஏன்?
– கல்லூரி மாணவி, மதுரை

கண்மட்டக் கோடு போடாததால். கேள்வி ஒன்றுதான்: நீங்கள் எங்கே நின்று பார்க்கிறீர்கள்? வைகை மேலுள்ள ஏ.வி. பாலத்தில் நின்றால் தூரத்துத் தலைகள் தாளில் மேலே மேலே ஏறும்; அப்போது அடுக்கு சரிதான். கூட்டத்துக்குள்ளேயே மணலில் நின்றால், உங்கள் உயரமுள்ள எல்லாருடைய கண்ணும், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், ஒரே கோட்டில்தான் வரும். தூரம் போகப் போகத் தலை சிறுக்கும், கால் மேலேறும், கண்மட்டம் மாறாது. நீங்கள் உள்ளே நின்று பார்த்த காட்சியைப் பாலத்துக் கணக்கில் வரைகிறீர்கள். அதுதான் பொம்மைக் கொலு ஆகிறது.

ஏ3 தாளைப் படுக்கை வாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உயரம் 29.7 செ.மீ. மேலிருந்து 16 செ.மீ. இறங்கி லேசாக ஒரு கோடு, அதுதான் கண்மட்டம். முன்னால் ஐந்தாறு பேர் போதும், தலை 5 செ.மீ. உயரம், பாதிப் பேர் முதுகு காட்டி. அவர்களுக்கு இடையில் தெரிகிற சந்துகளில் 2 செ.மீ. தலைகள், ஒன்றை ஒன்று மறைத்தபடி. அதற்கும் பின்னால் 3, 4 மி.மீ. புள்ளிகள், அங்கே கண் மூக்கு வைக்கக் கூடாது. கோட்டுக்கு மேலே எழும்பித் தெரிய வேண்டியவை கொஞ்சம்தான்: தோளில் உட்கார்ந்த குழந்தை, தூக்கிப் பிடித்த சர்க்கரைச் செம்பு, பீய்ச்சிய தண்ணீரின் வளைவு, எல்லாவற்றுக்கும் மேலே தங்கக் குதிரையில் அழகர். மேலே 16 செ.மீ. விட்டது அவருக்காகத்தான்.

இன்னொரு வழி எங்களுக்கு இதைவிடப் பிடிக்கும். சின்ன வயதில் பார்த்த நினைவு என்றால் கண்மட்டத்தைப் பெரியவர்களின் இடுப்புக்கு இறக்குங்கள். அப்போது படம் முழுக்கப் புடவைக் கொசுவமும் வேட்டி மடிப்பும் ஒரு பெரிய கையைப் பிடித்த சின்னக் கையும்தான். அழகர் இரண்டு முழங்கை இடுக்கில் கட்டைவிரல் அளவு தெரிந்தால் போதும்.

வண்ணத்தில் நடக்கிற தப்பு, ஆளுக்கொரு நிறம் பூசுவது. கூட்டம் முழுதையும் இளம், நடு, அடர் என்று மூன்றே மண் நிறங்களில் முடித்துவிட்டு, பளிச்சென்ற பச்சையை அழகரின் பட்டுக்கு மட்டும் வையுங்கள். தலைமுடிக்கு டப்பாக் கறுப்பு வேண்டாம், தாளில் ஓட்டை போட்டது போல இருக்கும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் அல்ட்ராமெரின் நீலம் கலந்த அடர் நிறம் நன்றாக அமரும். போஸ்டர் கலர் கெட்டி மோர் பதத்தில் இருக்கட்டும். தோசை மாவு பதத்தில் பூசினால் காய்ந்ததும் வெடித்து உதிரும். நீர்மோராகப் போனால் தாள் உறிஞ்சித் திட்டுத் திட்டாக நிற்கும்.

போட்டோவைப் பார்த்து வரைந்தால் அது நினைவோவியம் ஆகுமா?
– வாசகர், திருநெல்வேலி

முதலில் பார்க்காமல் வரையுங்கள். பிறகு போட்டோவை எடுத்து, பஸ் ஜன்னலில் எத்தனை கம்பி, டிக்கெட் பை எந்தத் தோளில் என்பது போன்றவற்றை மட்டும் திருத்துங்கள். நினைவில் பெரிதாகிப்போனதைத் திருத்தாதீர்கள். சத்துணவுத் தட்டில் முட்டை நிலா அளவுக்கு வந்திருந்தால், அது இருக்கட்டும்.

என் மாணவர்கள் முகக்கவசம் வரைந்தே பழகி, வாய் வரையத் தடுமாறுகிறார்கள். சிரிப்பு வரைந்தால் பல்லிளிப்பு ஆகிறது.
– தனியார் பள்ளி ஆசிரியர், கோவை

பல்லுக்குப் பல் கோடு போடுவதுதான் வினை. பற்கள் முழுதும் ஒரே வெள்ளைப் பட்டை. ஓரத்தில் கொஞ்சம் நிழல். நடுவில் வேண்டுமானால் ஒரு மெல்லிய கோடு. உதட்டைச் சுற்றிலும் ஒரே அழுத்தத்தில் கோடு இழுக்காமல், இரண்டு வாய்க்கோடியையும் மேலுதட்டின் அடிக்கோட்டையும் மட்டும் அழுத்துங்கள். சிரிப்பு பாதிக்கு மேல் கன்னத்தில் இருக்கிறது: கன்னம் மேலேறிக் கீழிமையைத் தள்ளும், கண் சுருங்கும். வாயை விரித்துவிட்டுக் கண்ணை அகலத் திறந்து வைத்தால் பயந்த முகம்தான் வரும்.

ஊரடங்கில் தாத்தாவை இழந்த என் மகன், அவரோடு டீக்கடைக்குப் போவதைத் திரும்பத் திரும்ப வரைந்தான். பெரும்பாலும் கறுப்பில். இப்போது பள்ளிக் கண்காட்சிக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு தாய், சேலம்

அவனைக் கேளுங்கள். அவன் வேண்டாம் என்றால் வேண்டாம். காரணம் கேட்க வேண்டியதில்லை. கொடுக்கச் சம்மதித்தாலும் பெயர் போடலாமா, என்ன வாக்கியம் எழுதலாம் என்பது அவன் முடிவு.

கறுப்பை வைத்து மனசைக் கணிக்க வேண்டாம். கடை பூட்டியிருந்த நாட்களில் டப்பாவில் மிஞ்சியது கறுப்பு கிரேயான் மட்டும் என்பதும் நடந்திருக்கும். ‘ஏன் இப்படி வரைந்தாய்?’ என்று கேட்டால் பிள்ளை விசாரணைக்கு நிற்பது போல நிற்கும். ‘இதில் என்ன நடக்கிறது, சொல்லேன்’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். ஒரே காட்சியைப் பல தடவை வரைவதும் தவறில்லை. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் கடை பெஞ்சோ டம்ளரோ கூடியிருக்கும், பாருங்கள். படத்தோடு சேர்த்து தூக்கம், சாப்பாடு, விளையாட்டு மூன்றும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம். குழந்தைகளுக்கான 1098-ம் உண்டு.

பீரோ மேல் சுருட்டி வைத்த சார்ட் படங்கள் மஞ்சளாகி, விரித்தால் முறிகின்றன. ஆயில் பேஸ்டல் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இனி எப்படிக் காப்பது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விருதுநகர் மாவட்டம்

பீரோ மேல் என்பது வீட்டிலேயே மோசமான இடம். மேல்தளச் சூடும் தூசியும் அங்கேதான் சேரும். மலிவான சார்ட் தாளில் மரக்கூழின் லிக்னினும் அமிலமும் இருப்பதால் சூட்டிலும் வெளிச்சத்திலும் பழுத்து நொறுங்கும். பழுத்ததை மீட்க முடியாது, மேலும் பழுக்காமல் நிறுத்தலாம்.

விரிப்பதற்கு முன் படப்பக்கம் மேலே இருக்கட்டும். வெள்ளைத் தாள் விரித்த மேசையில் ஒரு ஓரத்துக்குப் புத்தகம் வைத்து, ஒரு நாளைக்கு ஒரு சாண் என்ற கணக்கில் மெல்ல விரியுங்கள். முழுதும் விரிந்ததும் மேலே வெள்ளைத் தாள், அதன் மேல் பலகை, பலகைமேல் பாரம், ஒரு வாரம். அவசரப்பட்டு எதிர்ப்பக்கம் சுருட்டினால் வண்ணம் பொரிந்து போகும். இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. கிரேயானும் பேஸ்டலும் மெழுகு, உருகிவிடும். நியூஸ் பேப்பரையும் ஒட்டி வைக்காதீர்கள், அச்சு மை ஏறும்.

ஆயில் பேஸ்டல் எத்தனை வருடமானாலும் முழுதாகக் காயாது. அதனால்தான் ஒட்டிக்கொண்டன. ஒட்டிய ஜோடியைப் பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அரைமணி வையுங்கள். குளிரில் மெழுகு இறுகும். வெளியே எடுத்த உடனே, மூலையிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்க வைத்து நகர்த்திப் பிரியுங்கள். தாமதித்தால் தாளில் ஈரம் பூக்கும். கொஞ்சம் நிறம் எதிர்த்தாளுக்குப் போகத்தான் செய்யும். இனிமேல் இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு பட்டர் பேப்பர்.

அடுக்கு 20, 25 படத்துக்கு மேல் போக வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி, பீரோவின் நடுத்தட்டில், படுத்த வாட்டில். செல்லோடேப் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், தாளோடு வரும், அப்படியே விடுங்கள். ராமபாணப் பூச்சிக்கு வேப்பிலை வைப்பவர்கள் பச்சை இலையை வைத்துப் பூஞ்சையை வரவழைக்கிறார்கள். சருகாகக் காய்ந்த இலையோ வசம்போ துணியில் முடிந்து ஓரத்தில் வைக்கலாம். ஆனாலும் உண்மையான காவல் ஈரமில்லாத இடம்தான். மழைக்காலம் முடிந்து தையில் ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை எடுத்துக் காற்றாட வைத்துப் பாருங்கள். வெயிலில் அல்ல, கூடத்தில்.

லேமினேஷன் செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே?
– வாசகி, திருச்சி

சூட்டில் மெழுகு வண்ணம் இளகிப் பரவும். ஒட்டியதைத் திரும்பப் பிரிக்கவும் முடியாது. நகல் எடுத்து நகலை லேமினேட் செய்யுங்கள்.

செல்போனில் படம் எடுத்து வைத்தால் போதுமா? எடுத்தவை கோணலாகவும் நீலம் பாய்ந்தும் வருகின்றன.
– ஆசிரியர் பயிற்றுநர், தஞ்சாவூர்

போதும், ஒழுங்காக எடுத்தால். காலை 9 முதல் 11 மணிக்குள், வெயில் நேரே விழாத தாழ்வாரத்தில் வையுங்கள். ஃப்ளாஷ் அணைந்திருக்கட்டும், பேஸ்டல் பளபளக்கும். கிட்டத்தில் போய் எடுத்தால் அகலக் கோண லென்ஸ் ஓரங்களை வளைக்கும். இரண்டடி பின்னால் போய் 2 மடங்கு ஜூம் வையுங்கள். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு தாளின் நாலு ஓரமும் அவற்றுக்கு இணையாக வரும்வரை போனைச் சாய்த்துச் சரிசெய்யுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாள் தெரியட்டும். பின்னால் நிறம் திருத்தும்போது அதுதான் அளவுகோல். டாக்குமெண்ட் ஸ்கேன் செயலிகள் வேண்டாம். அவை எழுத்தைத் தெளிவாக்கப் பின்னணியை வெளுப்பவை. பிள்ளை லேசாகத் தேய்த்த வான நீலத்தை அழுக்கு என்று துடைத்துவிடும்.

ஏ4 படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திரும்ப அச்சிட 2480×3508 பிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் (1.2 கோடி பிக்சல்) போனுக்கு இது எட்டும். ஏ3-க்கு 3508×4961, அதாவது சுமார் 1.74 கோடி பிக்சல். அதை ஏ3 ஸ்கேனரில் கொடுப்பதே நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும்; டாக்குமெண்டாக அனுப்புங்கள். கோப்புக்கு வருடம், வகுப்பு, வரிசை எண் என்று பெயர் வைத்து, இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

நூறு வருடத்துக்கு முந்தைய ஃப்ளூ காலத்தில் இப்படிப் படங்கள் வந்தனவா?
– வாசகர், புதுச்சேரி

பெரியவர்கள் வரைந்தவை சில உண்டு. நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க், 1919-ல் ஸ்பானிஷ் ஃப்ளூவோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தன்னையே வரைந்தார். வியன்னாவில் ஏகான் ஷீலே 1918 அக்டோபர் 31 அன்று அதே காய்ச்சலில் இறந்தார். கர்ப்பிணியான மனைவி மூன்று நாள் முன்பே போய்விட்டார்.

மாணவர் படங்கள், அதுவும் இழந்த அன்றாடத்தைப் பற்றியவை என்றால், நோயைவிடக் கொடிய வேறொரு அடைப்பைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த, செக் நாட்டின் டெரசின் முகாமில் யூதக் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தவர் ஃபிரீடில் டிக்கர் பிராண்டைஸ். அங்கே பிள்ளைகள் வரைந்ததில் விட்டு வந்த வீடும் பூக்களும் புல்வெளியும் உண்டு. ஒவ்வொரு படத்திலும் வரைந்தவர் பெயரை எழுத வைத்தார். 1944 அக்டோபரில் நாஜிகள் அவரை அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள். சுமார் 4,500 படங்கள் இரண்டு சூட்கேஸ்களில் தப்பின. இன்று பிராகிலுள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெயர் இருந்ததால்தான் எந்தப் படம் எந்தப் பிள்ளையுடையது என்று பின்னால் தேட முடிந்தது.

ஆகவே உங்கள் வீட்டுப் படங்களின் பின்பக்கம், கீழ் மூலையில், பெயர், வயது, தேதி, ஊர் நான்கையும் எழுதுங்கள். 2பி பென்சிலால், அழுத்தாமல். பால்பாயின்ட் முன்பக்கம் புடைக்கும். மார்க்கர் ஊறித் தெரியும்.

எங்கள் பள்ளியில் 80 படங்கள் சேர்ந்துள்ளன. ஒரு வகுப்பறையில் வைக்க முடியுமா?
– பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், கடலூர் மாவட்டம்

20 அடிக்கு 20 அடி அறையானால் எண்பதும் கொள்ளாது. 6 மீட்டர் சுவரில், 42 செ.மீ. அகல ஏ3 படங்களை 12 செ.மீ. இடைவெளியில் மாட்டினால் வரிசைக்கு 11. இரண்டு வரிசை, நாலு சுவர், 88. இதில் கதவும் ஜன்னலும் தின்னும் இடத்தைக் கழித்தால் 60 தேறும். மிச்சத்தைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோங்கள். வெயில் விழுகிற சுவர் மட்டும் வேண்டாம்.

பெரியவர்கள் பார்க்கும் கண்காட்சிகளில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. வரும். பார்ப்பவர்கள் பிள்ளைகள் என்றால் 120-க்கு இறக்குங்கள். இரண்டு வரிசை வைத்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அந்த உயரத்தில் வரட்டும். இரட்டைப் பக்க டேப்பை மறந்துவிடுங்கள், சுண்ணாம்புச் சுவரில் பாதி ராத்திரியில் எல்லாம் தரையில் கிடக்கும். சணல் கயிறு கட்டி மேலே இரண்டு கிளிப், மின்விசிறிக் காற்றில் படபடக்காமல் கீழ் ஓரத்தில் இரண்டு கிளிப். கிளிப்புக்கும் படத்துக்கும் நடுவே மடித்த ஒரு துண்டுத் தாள் வைத்தால் பல் பதியாது.

படத்துக்குக் கீழே வைக்கும் சீட்டில் பெயர், வரைந்தபோது படித்த வகுப்பு, வருடம், பிள்ளை சொன்ன ஒரு வாக்கியம். ஆசிரியர்கள் அந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டாம். ‘பிரேயர்ல பின்னாடி இருக்குறவன் முடிய இழுப்பான், அது புடிக்கும்’ என்பதை ‘காலை வழிபாட்டின் இனிய நினைவுகள்’ என்று மாற்றினால், படத்தையே சுவரிலிருந்து கழற்றிய மாதிரிதான்.

ஐந்தாம் வகுப்பில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த ஐஸ் வண்டிப் படம் வெளுத்துவிட்டது. அதே கோட்டின் மேல் திரும்ப வரையலாமா?
– மாணவி, இராமநாதபுரம்

வேண்டாம். ஸ்கெட்ச் பேனா மை சாயம். வெளிச்சம் பட்டால் வெளுக்கும், புதிதாகப் பூசினதும் சில வருடத்தில் அப்படியே போகும். மேலே வரைந்தால் பழைய தாள் ஈரத்தில் நார் நாராக எழும்பிவிடவும் கூடும். பழையதை இருட்டில் பத்திரப்படுத்திவிட்டு, 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) கார்ட்ரிட்ஜ் தாளில் போஸ்டர் கலரால் புதிதாக வரையுங்கள். வண்டியின் சக்கரம் அப்போது வட்டமாக வந்திருக்காது, இப்போது வரும். இரண்டு தாளின் பின்னும் அதனதன் தேதியைப் போட்டுவிடுங்கள்.